பிப்ரவரி முப்பத்தொன்று

டிசம்பர் 9

அன்பும் வணக்கமும் நிறைந்த அக்காவுக்கு,

இறையருளால் இங்கே நானும் வீட்டிலுள்ளவளும் நலம். தங்கள் நலமும், குறிப்பாக வலக்கண்ணின் நலமும் அறிய ஆவல். தங்களுக்குக் காது மந்தம். எனக்கோ தொலைபேசியை எடுத்தால் நாக்கு மந்தம். ஆகையால் முப்பது ஆண்டுகளாக அஞ்சல்காரரே நம் இருவருக்கும் வாயும் செவியுமாக இருந்து வருகிறார். அவருக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும்.

ஒரு நற்செய்தி. தாங்கள் மாதந்தோறும் கண்ணில் ஊசி போட்டுக்கொள்ளும் மருத்துவமனையிலும் அதன் கிளைகளிலும் இம்மாதம் முதல் நான் எழுதிய நிரலே நோயாளிகளுக்கு நாள் குறித்துக் கொடுக்கிறது. எங்கள் கணினி மொழியில் தேதி என்பது வெறும் எண் அன்று. அது ஒரு பொருள். நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும். 'ஒரு மாதம் கூட்டிக்கொள்' என்றால் தானே கூட்டிக்கொள்ளும். ஏன் என்று கேட்காது. தாங்கள் மாதத்தின் கடைசிப் புதன்கிழமைக்காரர். ஊசி போட்ட தேதியோடு நிரல் ஒரு மாதம் கூட்டும். எந்த மாதம் வருகிறது என்று பார்க்கும். அந்த மாதத்தின் கடைசிப் புதனைத் தங்கள் கைப்பேசிக்கு அனுப்பிவிடும். சந்நிதியில் கைகட்டி நிற்கும் தொண்டனின் பணிவு அந்தப் பொருளுக்கு.

எனவே இனிச் சுவர் நாட்காட்டியில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, விரல் விட்டு வாரம் எண்ணும் வேலை தங்களுக்கு வேண்டாம். தம்பி எண்ணிக்கொள்வான்.

எங்கள் அலுவலகத்தில் பிழை பார்க்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். எதையும் விடமாட்டாள் என்பதால் சல்லடை என்று பெயர் வைத்திருக்கிறோம். போன மாதம்கூட மாதக் கடைசித் தேதிகளைப் பற்றி ஏதோ குறை எழுதி வைத்தாள். நெல்லை விட்டுவிட்டு உமியை எண்ணுகிறாயே அம்மா என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

வணங்கும்
தம்பி

டிசம்பர் 21

கடிகாரத் தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

நான் நலம். கண் இருக்கிறபடி இருக்கிறது. ஊசி போட்ட அன்று மட்டும் மிளகாய்த் தூள் விழுந்தாற்போல எரிகிறது, மறுநாள் சரியாகிவிடுகிறது. டாக்டர், மாதம் தவறாமல் வந்தால் இந்தக் கண்ணைக் காப்பாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அச்சகத்திலிருந்து இன்னமும் வாரத்துக்கு இரண்டு கட்டு மெய்ப்பு வீட்டுக்கு வருகிறது. நாற்பது வருடம் பிழை பார்த்தவளை அவர்களும் விடவில்லை. நானும் விடுவதாக இல்லை. கண் இருக்கிற வரைக்கும் என் சோற்றை நானே சம்பாதித்துக்கொள்வேன்.

பள்ளிக்கூடத்து மணி அடிப்பதற்கு முன்பே போய் மணிக்குக் கீழே நிற்பாய். அதனால்தான் உனக்குக் கடிகாரம் என்று பெயர் வந்தது. அந்தக் கடிகாரம் இன்று ஊருக்கெல்லாம் நாள் குறிக்கிறது என்றால் எனக்கு இருக்கிற பெருமையை அச்சுக் கோத்தால் இரண்டு பக்கம் வரும். நாட்காட்டியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். ஆணி மட்டும் நிற்கிறது.

ஆனால் அந்தச் சல்லடைப் பெண்ணைச் சிரித்து அனுப்பியது எனக்குப் பிடிக்கவில்லை. உமியை எண்ணித்தான் நான் இத்தனை வருடம் சோறு தின்றேன்.

உன் மனைவியை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

அக்கா

பிப்ரவரி 3

கடிகாரத் தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

மூன்று நாளைக்கு முன், ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி புதன்கிழமை, ஊசி போட்டுக்கொண்டேன். நான் வீடு வந்து சேருவதற்குள் உன் நிரல் செய்தி அனுப்பிவிட்டது. அடுத்த வருகை மார்ச் 27 என்று போட்டிருக்கிறது. முதலில் திகைத்தேன். மாதம் ஒரு ஊசி என்றல்லவா இருந்தது? பிறகு புரிந்தது. அன்று டாக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்று சொன்னார். கண் தேறிவிட்டது, அதனால்தான் இரண்டு மாதத் தவணை கொடுத்திருக்கிறார்.

தம்பி, இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. கீழ் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அந்தச் செய்தியைக் காட்டினேன். அறுபத்தேழு வயதில் பரீட்சையில் தேறியவள் போல இருந்தது. முதல் கடிதம் உனக்குத்தான்.

உன் இரத்தக் கொதிப்பு எப்படி இருக்கிறது?

அக்கா

பிப்ரவரி 9

அன்பும் வணக்கமும் நிறைந்த அக்காவுக்கு,

இங்கே யாவரும் நலம். தங்கள் கடிதத்தைக் காலை வழிபாட்டின்போது விளக்கின் முன் வைத்து இருவருமாக வணங்கினோம். கேட்டவர்க்குக் கொடுப்பவன் ஒருவன். கேட்கத் தெரியாமல் தயங்கி நிற்பவர்க்கும் குறிப்பறிந்து கொடுப்பவன் அவனே. தங்கள் கண் தேறியதை என் ஐம்பத்தொன்பது ஆண்டுகளில் பெற்ற பெரும்பேறுகளுள் ஒன்றாக எண்ணுகிறேன். அந்த நற்செய்தியைச் சுமந்து வந்தது நான் எழுதிய சிறு நிரல் என்பது என் தகுதிக்கு மீறிய கொடை.

இரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இருக்கிறது.

வணங்கும்
தம்பி

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தங்கள் நலம் அறிய ஆவல். இது தங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதும் கடிதம். மை சரியில்லாததால் மூன்று முறை எழுதிக் கிழிக்க நேர்ந்தது.

சில நாட்களாக ஒன்றை எண்ணிக்கொண்டிருக்கிறேன். இயந்திரம் எவ்வளவு நுட்பமானதாயினும் மனிதன் ஆக்கியதே. மனிதன் ஆக்கியதில் குறை இராது என்று மறைகள் எங்கும் சொல்லவில்லை. ஆகவே, நாள் குறித்து வரும் செய்தியைத் தாங்கள் ஒரு முறை மருத்துவமனையில் மனிதர் வாயால் கேட்டுக்கொள்வது நன்று என்று தோன்றுகிறது. மார்ச் 27தானா, அதற்கு முன்பே வரலாமா என்று போகிற போக்கில் கேட்டால் போதும். இதில் அச்சப்பட ஏதுமில்லை. முதுமையில் எனக்கு வந்த வீண் கவலை என்றே கொள்ளவும்.

குளிர் இன்னும் விடவில்லை. காதைக் கட்டிக்கொண்டு வெளியே செல்லவும்.

வணங்கும்
தம்பி

மார்ச் 3

தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

உன் கடிதம் கண்டேன். மை சரியாகத்தான் இருந்தது.

நீ சொன்னபடியே மருத்துவமனைக்குப் போய்க் கேட்டேன். முன்மேசையில் சுருட்டை முடிப் பெண் ஒருத்தி இருக்கிறாள், பணிவானவள். கணினியைத் தட்டிப் பார்த்து, "மார்ச் இருபத்தேழுதாம்மா, சந்தேகமே வேணாம், இதுல தப்பா வரவே வராது" என்றாள். எழுதியவன் என் தம்பிதான் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தற்பெருமை ஆகிவிடும் என்று விழுங்கிக்கொண்டேன்.

நாலு நாளாக ஒரு வேடிக்கை. இடக்கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் கதவு நிலை நடுவில் வளைந்து தெரிகிறது, வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி போல. மெய்ப்பில் வரிகள் நடுவிலே பள்ளம் விழுந்து ஓடுகின்றன. ராத்திரி வெகுநேரம் வேலை பார்த்ததன் அசதி என்று நினைக்கிறேன். 27ஆம் தேதி போகும்போது டாக்டரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

நீ ஏன் அப்படி எழுதினாய் என்று மட்டும் விளங்கவில்லை.

அக்கா

மார்ச் 7

அக்கா,

இதை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். கிடைத்த அன்றே மருத்துவமனைக்குச் செல்லவும். 27 வரை காத்திருக்க வேண்டாம். கோடுகள் வளைவதைச் சொல்லவும். முன்மேசையில் கணினியைப் பார்த்து ஏதேனும் சொன்னால் கேட்க வேண்டாம். நேரே மருத்துவரிடம் செல்லவும்.

காரணம் பிறகு எழுதுவேன்.

தம்பி

மார்ச் 25

தம்பி,

இந்தக் கடிதத்தை அடிக்கோல் வைத்து எழுதுகிறேன். கோலின் விளிம்பைத் தொட்டுக்கொண்டே போனால் வரி நேராக வருகிறது. எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் கிடைத்த அன்றே போனேன். வலக்கண்ணுக்குள் இரத்தம் கசிந்து தழும்பாகிவிட்டதாம். ஓரத்தில் தெரிகிறது, நடுவில் தெரியவில்லை. எதை நேராகப் பார்க்கிறேனோ அது மறைந்துவிடுகிறது. டாக்டர் என் ஏட்டைப் புரட்டிப் பார்த்து, பிப்ரவரியில் ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்டார். நீங்கள்தானே இரண்டு மாதத் தவணை கொடுத்தீர்கள் என்றேன். நான் கொடுக்கவில்லையே அம்மா என்றார்.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல வேண்டும். வெளியே வந்து முன்மேசையின் முன் நின்று அந்தச் சுருட்டை முடிப் பெண்ணைப் பத்துப் பேர் பார்க்கக் கத்தினேன். "என் கண்ணைத் தின்னுட்டியேடி" என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வரும் என்று எனக்கே தெரியாது. அவள் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதித் தரச் சொன்னார்கள். புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுவாரம் போனபோது அவள் இடத்தில் வேறு ஆள். தேதியைத் தப்பாகச் சொன்னதற்காகப் பழைய ஏடுகள் வைக்கிற அறைக்கு அவளை மாற்றிவிட்டார்களாம்.

மெய்ப்புக் கட்டை அச்சகத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.

நீ எப்படி அறிந்தாய், தம்பி? காரணம் பிறகு எழுதுவதாகச் சொன்னாய். அஞ்சல்காரர் தெருவில் வரும் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போய் நிற்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 19

அக்காவுக்கு,

மார்ச் 25ஆம் தேதிக் கடிதத்துக்கு ஏப்ரல் 19இல் பதில் எழுதுகிறேன். நேரம் தவறாதவன் என்று பெயர் வாங்கியவன் எடுத்துக்கொண்ட நாட்கள் இவை. நலமா என்று இக்கடிதத்தில் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

பிப்ரவரிக்கு முப்பத்தொன்றாம் நாள் கிடையாது. இதைத் தங்களுக்கு எழுத வேண்டியதில்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். என் நிரலுக்குத் தெரியாது. ஜனவரி 31 என்னும் தேதிப் பொருளிடம் ஒரு மாதம் கூட்டு என்றால் அது பிப்ரவரி 31 என்று போய் நிற்கும். அப்படி ஒரு நாள் இல்லை என்று அது சொல்லாது. மிஞ்சிய நாட்களைத் தூக்கிக்கொண்டு ஓசையின்றி மார்ச்சுக்குத் தாவிவிடும். என் நிரல் அதைப் பார்த்து, வந்திருக்கும் மாதம் மார்ச் என்று கொண்டு, மார்ச்சின் கடைசிப் புதனைத் தங்களுக்கு அனுப்பிவிட்டது. தங்கள் கண் தேறவில்லை, அக்கா. எந்த மருத்துவரும் தவணை கொடுக்கவில்லை. தங்கள் பிப்ரவரியை நான் விழுங்கிவிட்டேன்.

இது அறியாமல் செய்த பிழை என்று முடித்தால் இன்னொரு பொய்யாகும். நவம்பரில் சல்லடை எழுதி வைத்த குறை இதுதான். 'ஜனவரி 31 கூட்டல் ஒரு மாதம், மார்ச் வருகிறது, சரியா?' என்று ஒரே வரி. அதன் கீழே 'இப்போதைக்கு வேண்டாம்' என்று எழுதி மூடியவன் நான். திருத்தினால் ஒரு வாரம் தள்ளிப்போகும்; குறித்த நாளில் முடித்தான் என்ற பெயர் போய்விடும். உமி என்று சொல்லிச் சிரித்தது அந்தப் பெயரைக் காத்துக்கொள்ளத்தான்.

பிப்ரவரி 15இல் கிளை ஒன்றிலிருந்து கேட்டார்கள்: 28ஆம் தேதிப் பட்டியல் ஏன் வெறிச்சோடிக் கிடக்கிறது என்று. அந்த ஒரு நொடியிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. 'சிறிய மாதம், கூட்டம் குறைவு' என்று பதில் எழுதினேன். பிறகு நிரலைத் திறந்து பத்து நிமிடத்தில் திருத்தினேன். திருத்தத்துக்குச் 'சிறு சீரமைப்பு' என்று பெயரிட்டேன். இனி வரும் தேதிகள் பிழையாகா. முன்னமே கொடுத்துவிட்ட தேதிகளை அத்திருத்தம் தொடாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனை பேர் என்று பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்து மூன்று பேர். பதினேழாவது பெயர் தங்களுடையது.

அன்று பிப்ரவரி 15, அக்கா. 28க்கு இன்னும் பதின்மூன்று நாட்கள் இருந்தன.

கைப்பேசியை எடுத்தேன், வைத்தேன். அழைத்தால் ஏன் என்று கேட்பீர்கள். ஐந்து நாள் கழித்து, வீண் கவலை என்று பூசி மெழுகி, மறைகளைத் துணைக்கு அழைத்து, ஒரு கடிதம் எழுதினேன். மை சரியில்லை என்று அதில் எழுதியது எனக்கே தெரிந்த பொய். தாங்கள் கண்டுபிடித்ததும் தெரியும். தங்களைக் காக்கவும் வேண்டும், என் பெயரையும் காக்க வேண்டும் என்று இரண்டு ஓடத்தில் கால் வைத்தேன். ஒருவர் காலில் விழுவது எனக்குப் புதிதன்று; நாள்தோறும் சந்நிதியில் விழுகிறேன். அங்கே விழுவது எளிது என்று இப்போதுதான் அறிகிறேன். இறைவன் ஒன்றும் கேட்பதில்லை.

அந்தப் பெண் திரையில் இருந்ததைத்தான் படித்தாள். திரையில் இருந்தது என் எழுத்து.

தம்பி

மே 5

தம்பி,

உன் கடிதத்தைக் கீழ் வீட்டுக்காரி படித்துக் காட்டினாள். பாதியில் அவளை நிறுத்தச் சொல்லிவிட்டு, மிச்சத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து இடக்கண்ணால் நானே படித்தேன். இரண்டு நாள் ஆயிற்று.

பதினேழாவது பெயரைப் பார்த்த பிறகு பட்டியலை மூடினாயா, கடைசி வரைக்கும் படித்தாயா? நீ எழுதவில்லை.

என்னிடம் மன்னிப்புக் கேட்காமல் எழுதியிருக்கிறாய். நல்லது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புத்தகம் அச்சாகிக் கடைக்குப் போன பிறகு பிழை தெரிந்தால், அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டோம். சின்னத் துண்டுச்சீட்டு அடித்து, கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போய், ஒவ்வொரு பிரதியாகத் திறந்து உள்ளே ஒட்டிவிட்டு வருவோம். கடைக்காரன் முன்னால் நின்று பசை தடவும்போது முகம் எரியும். முதல் வருடம் ஒரு மருந்துப் புத்தகத்தில் அளவை நான் தப்பாக விட்டுவிட்டேன். முதலாளி ஒன்றும் திட்டவில்லை. "பசையை எடுத்துக்கம்மா, வா போகலாம்" என்றார். முந்நூறு பிரதி ஒட்டினேன்.

நீ திருத்தியது அடுத்த பதிப்பை. விற்றுப்போன நாற்பத்து மூன்றில் ஒன்றைக்கூட நீ தொடவில்லை. அவற்றில் ஒன்று உன் அக்கா என்பதால் அதற்கு மட்டும் திருட்டுத்தனமாக ஒரு சீட்டு அனுப்பினாய்; அதிலும் பிழை என்ன என்று எழுதவில்லை. மற்ற நாற்பத்திரண்டு பேருக்கு அதுவும் இல்லை. எனக்குக் கண்ணை விட அதுதான் அதிகம் வலிக்கிறது. அவர்களுக்கும் தம்பிகள் இருப்பார்கள்.

நாற்பத்து மூன்று பேருக்கும் எழுது. நீ என்ன செய்தாய், எப்போது தெரிந்தது என்று எழுது. எனக்கும் அதே கடிதம்தான் வர வேண்டும். ஒரு வரி கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். முதலாவதாகவும் போடாதே. பதினேழாவதாகவே போடு.

அந்தப் பெண்ணிடம் நான் போகிறேன். அது என் பிழை, என் சீட்டு.

அக்கா

மே 27

அக்காவுக்கு,

கடைசி வரைக்கும் படிக்கவில்லை. பதினேழோடு மூடிவிட்டேன். தாங்கள் கேட்ட பிறகுதான் மீதியைத் திறந்தேன்.

சல்லடையை அழைத்து நவம்பரில் அவள் எழுதிய வரியைக் காட்டினேன். அந்த வரியை ஒருமுறை படித்தாள். பிறகு, "அன்னைக்கு நானும் சிரிச்சிட்டுப் போனேனே சார். சிரிக்காம நின்னிருக்கணும்" என்றாள். தவறிழைத்தவன் நான்; குற்றத்தில் பங்கு கேட்டு நின்றவள் அவள். அதை நான் ஏற்கவில்லை. நாங்கள் இருவருமாக மேலாளரிடம் போனோம்.

மேலாளர் நல்லவர், என்னைக் காக்கவே முயன்றார். "தொழில்நுட்பக் காரணத்தால்னு ஒரு வரி போட்டு அனுப்பிடலாம் சார். இதுல உங்க பேர் எதுக்கு? இன்னும் ஒரு வருஷத்துல ஓய்வு" என்றார். தொழில்நுட்பத்துக்கு நாக்கு இல்லை, அது பொய் சொல்லவில்லை. பிப்ரவரி 15இல் பொய் சொன்னது நான் என்றேன். மருத்துவமனையாரை அழைத்தார்கள். அவர்கள் முன்னிலையில், அந்தப் பதிலை நான் எழுதிய திரையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். 'சிறிய மாதம், கூட்டம் குறைவு.' சுவரளவு பெரிதாகத் தெரிந்தது. பிப்ரவரி 28 அன்று பட்டியல் குறைவாயிருந்ததற்காகத் தாம் மகிழ்ந்து சீக்கிரம் வீட்டுக்குப் போனதாக ஒரு மருத்துவர் தலை குனிந்து சொன்னார். அதைவிடப் பெரிய அடி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

நிரலிலிருந்து என்னை விலக்கிவிட்டார்கள். சல்லடை பொறுப்பேற்றிருக்கிறாள். நாற்பத்து மூவரில் பெரும்பாலோருக்கு ஒரு ஊசி தவறியும் தீங்கு நேரவில்லை. தங்களோடு சேர்த்து ஏழு பேருக்குப் பார்வை குறைந்திருக்கிறது. அவர்கள் எழுவருக்கும் ஆயுள் முழுதும் சிகிச்சையை மருத்துவமனையும் எங்கள் நிறுவனமும் ஏற்க வேண்டும் என்று எழுதி வாங்கினோம். அது கண் ஆகாது.

கடிதங்களைக் கையால் எழுதினேன். தங்களுடையது தனியே வரும்.

தம்பி

ஜூன் 1

வரிசை எண் 17

ஐயா / அம்மா,

ஜனவரி 31இல் தாங்கள் கண் ஊசி போட்டுக்கொண்ட பிறகு, பிப்ரவரி 28இல் தங்களை அழைத்திருக்க வேண்டும். மார்ச் மாதத்தில் வருமாறு தங்களுக்குச் செய்தி வந்தது. அது பிழை. அந்தத் தேதியைக் கணக்கிட்ட நிரலை எழுதியவன் நான்.

இப்பிழை நேரக்கூடும் என்று நவம்பரிலேயே எனக்குச் சொல்லப்பட்டது, நான் திருத்தவில்லை. பிழை நேர்ந்துவிட்டது என்று பிப்ரவரி 15இல் அறிந்தேன், தங்களிடம் சொல்லவில்லை. அன்றே சொல்லியிருந்தால் தாங்கள் உரிய நாளில் வந்திருக்கலாம்.

முன்மேசையில் இருந்தவர்கள் தங்களுக்குத் தவறாகச் சொல்லவில்லை. திரையில் இருந்ததைச் சொன்னார்கள். தாங்கள் நாளைத் தவறவிட்டதாக யாரேனும் சொல்லியிருந்தால், அதுவும் உண்மையன்று.

என்னைப் பார்த்து நேரில் கேட்க விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் வருகிறேன். முகவரி கீழே உள்ளது.

நிரல் எழுதியவன்

ஜூன் 14

கடிகாரத் தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

பதினேழாம் எண் கடிதம் கிடைத்தது. இடக்கண்ணால் இரண்டு முறை மெய்ப்புப் பார்த்தேன். திருத்த ஒன்றுமில்லை.

பழைய ஏடுகள் வைக்கிற அறைக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பத்துப் பேர் முன்னால் திட்டியதைப் பத்துப் பேர் முன்னால்தான் திரும்பப் பெற வேண்டும் என்று சொல்லி, அவளைக் கையைப் பிடித்து முன்மேசைக்குக் கூட்டி வந்தேன். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் அன்றைய பத்துப் பேரும் அல்லர். ஆனாலும் சொன்னேன். காது மந்தம் ஆனதால் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. உள்ளேயிருந்து டாக்டரும் எட்டிப் பார்த்தார். அவள் அழுதாள். பிறகு, "நீங்க திட்டினதுகூடப் போகட்டும்மா. தப்பா வரவே வராதுன்னு உங்களுக்குச் சத்தியம் பண்ணினேன் பாருங்க, அதுதான் தூங்க விடல" என்றாள். அடுத்த வாரம் அவளை மறுபடி முன்மேசைக்கே அழைத்தார்கள். திரைக்குப் பக்கத்தில் ஒரு காகித நாட்காட்டி மாட்டினால்தான் உட்காருவேன் என்றாளாம். மாட்டிவிட்டார்கள்.

என் நாட்காட்டியையும் பரணிலிருந்து இறக்கி அதே ஆணியில் மாட்டினேன். வட்டம் போட்டால் பக்கத்துக் கட்டத்தின் மேலும் கொஞ்சம் ஏறிவிடுகிறது, பரவாயில்லை. அச்சகத்தில் கேட்டேன். பெரிய எழுத்துப் பிள்ளைப் புத்தகங்கள் இருந்தால் அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்புவார்களா, வாய்வார்த்தையா தெரியவில்லை.

மார்ச்சுக்குப் பிறகு நீ என் உடம்பைப் பற்றி ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. நீ கேட்காததால் நானே சொல்கிறேன். உடம்பு நலம். வலக்கண்ணில் மிச்சம் இருப்பதைக் காக்கவும், இடக்கண்ணை முன்கூட்டிக் கவனிக்கவும் மாதம் தவறாமல் போகிறேன். கோபம் போயிற்றா என்று கேட்டால், சில நாள் காலையில் போயிருக்கிறது. சாயங்காலம் திரும்பி வந்துவிடுகிறது.

நான் விரல் விட்டு எண்ணினேன். ஜூனில் கடைசிப் புதன் இருபத்தாறு. ஜூலையில் முப்பத்தொன்று. அந்த முப்பத்தொன்றாம் தேதி காலையில் நீ இங்கே வா. என்னோடு வரிசையில் உட்கார். ஊசி போட்டு வெளியே வந்ததும் கைப்பேசியில் செய்தி வரும். அந்தத் தேதியை நீ எனக்குப் படித்துச் சொல்ல வேண்டும். நான் நாட்காட்டியை வைத்துக்கொண்டு சரிபார்க்கிறேன்.

நேரத்தோடு வந்து சேர்.

அக்கா